முப்பத்தாறு

முதலாவது கேக் சீனக்குடா ரயில் கடவையில் போனது.
மூன்று தட்டு. உச்சியில் சீனியில் ஒரு பாலம்,
மாப்பிள்ளை பாலம் கட்டுகிற இஞ்சினியர் என்று
கேட்டுச் செய்வித்தது.
தண்டவாளத்தில் கார் ஏறியது.
பாலம் இறங்கியது.

இரண்டாவது நிலாவெளி றோட்டில்,
எந்தக் குழியில் என்று தெரியாது.
பெட்டியைத் திறந்தால் ரோசாக்களெல்லாம்
ஒரே பக்கம் சாய்ந்து
யாரையோ எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன.

மின்சாரக் கார்.
யப்பானில் யாரோ ஆறு வருடம்
மெழுகிய வீதியில் ஓட்டிவிட்டு அனுப்பியது.
சத்தமில்லை என்றுதான் வாங்கினேன்.
எஞ்சின் இருந்தால் அதன் இரைச்சலுக்குள்
பாதி றோட்டு ஒளிந்துகொள்ளும்.
இதில் ஒளிய இடமில்லை.
ஒவ்வொரு கல்லும் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான்
என் இடுப்பில் ஏறுகிறது.

கேக்குக்குக் கீழே மெத்தை வைத்தேன்.
கார் துள்ள மெத்தை துள்ளியது,
மெத்தை ஓய்ந்த பிறகும் கேக் துள்ளியது.
"நீ மாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிசை" என்றார் என் கணவர்.
அவருக்கு அன்று இரவு தேத்தண்ணி இல்லை.

கிண்ணியாவில் பஸ்மிலின் கராஜ்.
காருக்கடியில் அரைவாசி ஆள்,
வெளியே இரண்டு பாதம். பாதம்தான் பேசியது.
"பின்பக்கம் இடது ஷொக் செத்துப் போச்சு."
குனிந்து பார்த்தேன். எண்ணெய் வடிந்து மண் அப்பி
பொரித்த கத்தரிக்காய் நிறத்தில் தொங்கியது.
"அது துள்ளலுக்கு. இடிக்கிறது வேற.
டயருக்கு யார் காத்தடிச்ச?"
நான்தான்.
"எவ்வளவு?"
நாற்பத்தாறு.
பாதம் இரண்டும் கொஞ்ச நேரம் அசையவில்லை.
"முப்பத்தாறு போதும். இது டயர், உதைபந்து இல்ல."

ஸ்பிரிங்கைத் தளர்த்தலாமா என்று கேட்டேன்.
"வயித்துக்குள்ள முந்நூறு கிலோ பற்றரி கிடக்கு.
ஸ்பிரிங்கை மெலிச்சா தரையில உரசும்.
அது இறுக்கமாத்தான் இருக்கோணும். காத்து அப்பிடியில்ல.
ஏலுமெண்டா ரிம்மை ஒரு அங்குலம் சின்னதாக்குங்க,
றப்பருக்குக் கன்னம் வைக்கும்."

இறுகின டயர் கூடத் தூரம் ஓடும்.
ஒரு சார்ஜுக்குப் பதினொரு கிலோமீற்றர் லாபம்,
நானே ஓட்டி அளந்து கொப்பியில் எழுதியது.
பதினொரு கிலோமீற்றரில் எங்கே போக என்று
அவன் கேட்கவில்லை.
தொண்ணூறில் எனக்கு எட்டு வயது.
வடக்கே போன லொறியில் டீசல் முடிந்த இடத்தில்
இறங்கி நடந்தோம்.
அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது.
வரைபடத்தில் அதை நான் தேடியதில்லை.

வால்வை அழுத்தினான். ஸ்ஸ்ஸ்.
நான்கு முறை.
பதினொரு கிலோமீற்றர்
கிண்ணியாக் காற்றில் கலந்தது,
கொஞ்சம் றப்பர் மணத்தோடு.

மூன்றாவது கேக்கை உவர்மலையிலிருந்து இறக்கினேன்.
பஸ் நிலையத்தருகே மான் ஒன்று
வாயில் வாழைப்பழத் தோலோடு
குறுக்கே வந்து நின்றது.
பிரேக். கேக் முன்னால் குனிந்து,
யோசித்து,
பழையபடி நிமிர்ந்தது.
கிண்ணியாப் பாலத்தின் இரும்புப் பொருத்துகள்
முன்பு தடக் தடக் என்று பல்லை எண்ணும்.
இன்றைக்குத் தொப், தொப் என்று
யாரோ முதுகில் தட்டியதுபோலிருந்தது.
ஒரே ஒரு ரோசா கழன்றது.
கல்யாண வீட்டு வாசலில் வைத்து
பெருவிரலால் அழுத்தி ஒட்டினேன்.
விரலடையாளம் விழுந்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பினேன்.

திரும்பி வந்து நிறுத்தியபோது
திரையில் எழுபத்தொன்று மிச்சம் என்று காட்டியது.
அடுத்த கேக் மட்டிக்களிக்கு. போய்வரப் பத்துக்கூட வராது.
காற்றடிக்கிற பம்பை எடுத்தேன்,
யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று.

துடைத்து,
கட்டிலுக்கடியில் வைத்தேன்.